மழைக் கொழுந்தின் நிறை

அத்தியாயம் பதினான்கு

ஒரே நாளில், ஒரே பத்தரிடம், ஒரே பிள்ளைக்கு வாங்கிய நகைகள். காலுக்கு ஒரு சோடி வெள்ளித் தண்டை, கைக்கு ஒரு சோடி வெள்ளிக் காப்பு.

இன்று காலை பிள்ளையின் தகப்பன் சங்கிலி அந்தத் தண்டைகளைக் குறட்டால் வெட்டி எடுத்தான். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் அவை பிள்ளையின் கணுக்காலுக்குள் புதைந்துபோயிருக்கும். காப்பை யாரும் வெட்டவில்லை. நேற்றுப் பின்னேரம் பிள்ளை கையைத் தொங்கப்போட்டதும் அது தானாகவே கழன்று மண்ணில் விழுந்தது.

தாய் மீனம்மா, வெட்டிய தண்டையை ஒரு கையிலும் விழுந்த காப்பை மறு கையிலும் வைத்துக்கொண்டு குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். கால் பெருத்திருக்கிறது. கை தேய்ந்திருக்கிறது. குடித்தது ஒரே கஞ்சி. ஒரே உடம்பு ஒரு பக்கம் வளர்ந்து இன்னொரு பக்கம் எப்படிக் கரையும்?

சங்கிலியிடம் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய அக்கா தங்கம்மாவிடம் கேட்டாள். சதை எப்போதும் காலிலிருந்துதான் ஏறும், இன்னும் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான் என்றாள் தங்கம்மா. சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாசியில் பிள்ளை அருந்ததிக்குச் சின்னமுத்து அம்மை போட்டதும், காய்ச்சலில் பிள்ளை பிதற்றிய அன்று தங்கம்மா அம்மனுக்கு நேர்ந்துகொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியும்வரை பிள்ளையின் வாயில் மீனோ முட்டையோ பருப்போ படாது. பச்சரிசிக் கஞ்சியும் இளநீரும் சீனியும் மட்டும்தான். அதோடு, விளைந்த பயற்றில் ஒரு மூடை அம்மனுக்கு. மற்ற மூடைகளை மல்லாவிச் சந்தையில் விற்றுவிட்டார்கள். இந்த ஒரு மூடை மஞ்சள் துணியால் வாய் கட்டப்பட்டுக் குடிசை மூலையில் நின்றது. பிள்ளை அதில் சாய்ந்துதான் நாள் முழுவதும் கிடந்தாள்.

பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

இரண்டு வயதான அருந்ததி மூன்று நாளாகச் சிரிக்கவில்லை. அழுவதும் இல்லை. முனகினாள். தலைமயிர் செம்பட்டையாகிவிட்டது. தொடையில் தோல் பழைய சுவர்ச் சுண்ணாம்புபோல உரிந்தது. நேற்றிலிருந்து கஞ்சியையும் கடைவாயால் வழியவிட்டாள்.

மாங்குளம் போய் ஒரு வாகனம் பிடித்துவருவதாகச் சொல்லிச் சங்கிலி சைக்கிளை எடுத்தான். மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் நடுவே ஊரடங்கு என்று எல்லாருக்கும் தெரியும். பஸ் ஓடி நான்கு நாள். கிளிநொச்சிப் பக்கமாவது கொண்டுபோகலாம் என்றான். காற்று இல்லாத பின் சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டு போனான்.

மீனம்மா காத்திருக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மல்லாவிக்கு நடந்தாள். தங்கம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வெயிலுக்காகக் குடை பிடித்தாலும், வழியில் எவராவது பிள்ளைக்கு ஏதாவது கொடுத்துவிடுவார்களோ என்றுதான் அவள் கூடவே வந்தாள். அது மீனம்மாவுக்கும் தெரியும். மல்லாவிக்கு இரண்டு மைல்.

மல்லாவியில் கிளினிக் பூட்டியிருந்தது. பின்னால் இரண்டு அறை விடுதியில் மருத்துவிச்சி கமலாசனி இருந்தாள். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்காரி. மீனம்மாவின் வயதுதான் இருக்கும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் பிறந்தவர்கள். எல்லாரும் அவளை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மீனம்மா தண்டையையும் காப்பையும் மேசையில் வைத்தாள்.

கமலாசனி அலுமாரியிலிருந்து பிள்ளையின் நிறை அட்டையை எடுத்தாள். தையில் ஒன்பது கிலோ. சின்னமுத்து போட்ட மாசியில் எட்டு. பங்குனியில் எட்டரை. சித்திரைத் தொடக்கத்தில் எட்டேமுக்கால். மாசியில் விழுந்த கோடு பிறகு அழகாக ஏறிப்போயிருந்தது. கோட்டின் அருகே பச்சை மையில் அவளே எழுதிய 'நல்லது' என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது.

பிள்ளையைத் தொங்கு தராசில் வைத்தாள். ஒன்பது கிலோவும் நூறு கிராமும்.

"பாத்தீங்களா" என்றாள் தங்கம்மா. "ஏறிக்கிட்டுதானே இருக்கு. இவதான் பயந்து சாகுறா."

கமலாசனி பிள்ளையின் காலருகே குனிந்தாள். பிள்ளையின் பாதத்தின் மேல் பெருவிரலை வைத்து மெதுவாக அழுத்தினாள். பத்துவரை எண்ணி விரலை எடுத்தாள். விரல் இருந்த இடத்தில் ஒரு குழி நின்றது. பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல. அது நிரம்பவே இல்லை.

அவள் அட்டையைத் திரும்ப எடுத்து, தான் எழுதிய இரண்டு 'நல்லது'களையும் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் பிழை விட்டனான், மீனம்மா. தராசைப் பாத்தனான், பிள்ளையைப் பாக்கேல்லை. இது சதை இல்லை. தண்ணி."

மீனம்மாவின் கேள்விக்கு விடை அந்த ஒரு சொல்லில் இருந்தது. ஆனால் அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கவேண்டும். கமலாசனி அதைத்தான் செய்தாள்.

நம் இரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது இரத்தக் குழாய்களை விட்டு வெளியே கசிந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது இரத்தத்தில் கரைந்திருக்கும் புரதம். குளக்கட்டுக்குக் களிமண் எப்படியோ அப்படி. வெறும் மணலால் போட்ட கட்டில் தண்ணீர் நிற்காது. கசிந்து வெளியே சதுப்பாகும். பயறு, பருப்பு, மீன், முட்டை, பால் இவற்றிலிருந்துதான் உடம்பு அந்தக் களிமண்ணை எடுக்கிறது. அரிசியிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீர்க் கஞ்சியில் ஐந்து கிராம் புரதம்கூடத் தேறாது. சீனியிலும் இளநீரிலும் சொல்லும்படியாக ஒன்றுமில்லை.

வெளியிலிருந்து புரதம் வராவிட்டால் உடம்பு சும்மா இருக்காது. தன் தசையையே உருவி எடுத்துச் செலவழிக்கும். கையும் தோளும் தேயும். காப்பு கழன்றது அதனால். அப்படியும் போதாமல் இரத்தத்தில் புரதம் குறையும்போது தண்ணீர் கசிந்து கீழே இறங்கும். தண்டை இறுகியது அதனால். தேய்ந்த கைக்கும் வீங்கிய காலுக்கும் காரணம் ஒன்றேதான்.

மீனம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கம்மா கேட்காதவள்போல ஜன்னலைப் பார்த்தாள்.

"நெறை கூடுதுன்னு அட்டையில நீங்கதானே எழுதினீங்க" என்றாள் கடைசியில். "இப்ப நெறை பொய்யின்னா எப்புடி மிஸி? தராசு பொய் சொல்லுமா?"

கமலாசனி எப்படிச் சொல்வதென்று யோசித்தாள். அதற்குள் மீனம்மா பேசினாள். நாத்தனாரின் முகத்துக்கு நேரே அவள் பேசியது இந்த மூன்று மாதத்தில் இதுதான் முதல் தடவை.

"அண்ணி, மழை நாள்ல கொழுந்து நிறுப்பாங்களே. அப்ப கணக்கப்புள்ள என்னா செய்வாரு?"

தங்கம்மா திரும்பினாள்.

பன்னிரண்டு வயதிலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் அவள். எழுபத்தேழு கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்து இந்தப் பக்கம் வரும்வரை கொழுந்துக் கூடை அவள் முதுகை விட்டு இறங்கியதில்லை. மழையில் பறித்த கொழுந்து தராசில் நிறையக் காட்டும். ஆனால் அதில் பாதி இலையில் ஒட்டிய தண்ணீர். கூடையைத் தூக்கிப் பார்த்த உடனேயே கணக்கப்பிள்ளை கூடைக்கு இத்தனை இறாத்தல் என்று தண்ணீருக்குக் கழித்துவிடுவார். அதற்காகத் தங்கம்மா எத்தனையோ நாள் அவரோடு வாய்ச்சண்டை போட்டிருக்கிறாள். ஆனால் அவர் கழிப்பது சரியென்று உள்ளுக்குள் அவளுக்குத் தெரியும். காய்ந்தபிறகு அந்தக் கூடையில் எவ்வளவு தேயிலை தேறும் என்று கை சொல்லும்.

அவள் எழுந்து வந்தாள். பிள்ளையை வாங்கி இரண்டு கைகளிலும் ஏந்தி ஒருமுறை ஏற்றி இறக்கினாள். பிறகு மேல்கையைத் தன் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் வளைத்துப் பிடித்தாள். விரல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயின.

"மழைக் கொழுந்து" என்றாள். "மூணு மாசமா மழைக் கொழுந்தை நிறுத்துக்கிட்டு இருந்திருக்கோம்."

பிள்ளை முனகினாள்.

இதற்கு ஆஸ்பத்திரிதான் சரி, வாகனம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம் என்றாள் கமலாசனி. கிளினிக்கில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சத்துமா முடிந்து ஒரு மாதம், லொறி வரவில்லை. வாகனம் வராவிட்டால் என்ன செய்வது என்று மீனம்மா கேட்டாள். அதைத்தான் இப்போது கணக்குப் பார்க்கவேண்டும் என்று கமலாசனி கொப்பியை இழுத்தாள்.

பெரிய ஆள் ஒருவருக்கு, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராம் புரதம் இருந்தால் போதும். ஐம்பது கிலோ உள்ளவருக்கு ஐம்பது கிராம். வளரும் பிள்ளைக்குச் சுவரும் கட்டவேண்டும், பழுதும் பார்க்கவேண்டும். அதனால் கிலோவுக்கு ஒன்றரை, இரண்டு. இப்படிக் கரைந்துபோன பிள்ளைக்கு இழந்ததையும் திருப்பிக் கட்டவேண்டும், ஆகவே மூன்று.

"எந்தக் கிலோவுக்கு மிஸி?" என்றாள் தங்கம்மா. "தராசு சொல்ற ஒம்பதுக்கா?"

கமலாசனி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அவளே தவறவிட இருந்த கேள்வி அது. தண்ணீரைக் கழித்தால் பிள்ளை எட்டுக் கிலோவுக்கு மேல் இருக்கமாட்டாள். எட்டு மூன்று இருபத்துநாலு.

இருபத்துநாலு கிராம் புரதம். கொப்பியில் எழுதியாகிவிட்டது. ஆனால் மீனம்மாவின் குடிசையில் தராசு இல்லை. அவளுக்கு எழுத்தும் தெரியாது. கிராம் என்றால் எவ்வளவு என்று கேட்டாள். பயறு ஒரு பிடி போடட்டுமா என்றாள். ஒரு பிடி என்பது மீனம்மாவின் கையில் ஒன்று, சங்கிலியின் கையில் இன்னொன்று. குறைந்தால் பிள்ளை தேறாது. கூடினால் சோர்ந்துபோன ஈரல் தாங்காது. அரிசி அளக்கும் சுண்டால் அளக்கலாமென்றால் சுண்டு இவ்வளவு சிறிய அளவுக்குப் பெரியது.

கமலாசனியிடம் மருந்துத்தூள் நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று இருந்தது. அதைத் தர முடியாது. தந்தாலும் பாவிக்கத் தெரியாது. அவள் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தாள், ஒரு கரண்டியைப் பார்த்தாள். இவர்கள் வீட்டில் அதே அளவுக் கோப்பை இருக்குமா? எல்லா வீட்டிலும் ஒரே அளவில் இருக்கும் பொருள் எது?

தங்கம்மா இடுப்பிலிருந்து முடிச்சை அவிழ்த்தாள். அம்மனுக்குக் கர்ப்பூரம் கொளுத்த எப்போதும் வைத்திருக்கும் நெருப்புப்பெட்டி. குச்சிகளை மேசையில் கொட்டிவிட்டு உள்பெட்டியை நீட்டினாள்.

"இது எல்லாக் கடையிலயும் ஒரே அளவுதான்."

கமலாசனி தன் குசினியிலிருந்து பயறு கொண்டுவந்து பெட்டியை நிரப்பி, விரலால் வழித்துத் தராசில் கொட்டினாள். பதினெட்டு கிராம். பயற்றில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் புரதம். ஆக, பெட்டிக்கு நாலு கிராமுக்குச் சற்று மேல். மூன்று பெட்டிக்குப் பதின்மூன்று. தோலுரித்த கச்சான் கடலை ஒரு பெட்டி, மூன்றரை. அரிசிமா இரண்டு பெட்டி, இரண்டு. கூட்டிப் பார்த்தாள். பதினெட்டரை.

மிச்சத்துக்கு ஒரு முட்டை. அதில் ஆறு கிராம்.

தங்கம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

பயறு சரி, கச்சான் சரி, அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்றாள். முட்டை மட்டும் வேண்டாம். அதற்குப் பதிலாக இன்னொரு பெட்டி பயறு போடலாம். கமலாசனி, சோர்ந்த பிள்ளையின் குடலுக்கு அவ்வளவு பயறு கடினம், வயிற்றோட்டம் வந்தால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்று பொறுமையாகச் சொன்னாள். தங்கம்மா தலையை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகுதான் சொன்னாள். மீனம்மாவுக்கே தெரியாத கதை.

தோட்டத்தில் அவளுக்கு ஒரு பையன் இருந்தான். மூக்கன். மூன்று வயது. அவனுக்கும் சின்னமுத்து. ஐந்தாம் நாள் முட்டை கேட்டு அழுதான். எவரும் பார்க்காத நேரத்தில் அவளே அவித்துக் கொடுத்தாள். முழுவதையும் தின்றான். விடியும்போது இல்லை.

"நாந்தான் குடுத்தேன்" என்றாள் தங்கம்மா. "இந்தக் கையால. ஒம்பது வருசமா இந்தக் கை முட்டையைத் தொட்டதில்ல."

மீனம்மாவுக்கு இப்போது விளங்கியது. வீட்டில் கோழிகள் இருந்தும், முட்டை எடுக்க எப்போதும் தன்னையே அனுப்புவது ஏனென்று.

கமலாசனி ஆறுதல் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, முட்டை தின்னுறதுக்கு முதல், அவன் மூச்சு எப்பிடி வாங்கினவன்?"

தங்கம்மா யோசித்தாள். வேகமாக. ரொம்ப வேகமாக. விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே உள்ளே போனது. முந்தின நாள் காலையிலிருந்தே.

"அப்ப அது நிமோனியா. சின்னமுத்து நெஞ்சுக்குள்ளை இறங்கினது. முந்தின நாளே துவங்கியிட்டுது. முட்டை பிறகுதான் வந்தது, அக்கா. நோய் அதுக்கு முந்தியே வந்திட்டுது."

தங்கம்மா வெகுநேரம் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வீடு திரும்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சங்கிலி வந்திருக்கவில்லை. பக்கத்துக் காணிக்காரர் சிற்றம்பலம் வேலிக்கு அப்பால் நின்று, மாங்குளம் சந்தியில் மத்தியானத்திலிருந்து எவரையும் விடுகிறார்கள் இல்லையாம் என்றார். போன சைக்கிள்களும் திரும்பவில்லையாம். மீனம்மா அப்படியே நின்றாள். பிள்ளை அவள் தோளில் பாரமாக, சத்தமில்லாமல் கிடந்தாள்.

வாகனம் வராது என்பது இப்போது உறுதி. சங்கிலி எப்போது வருவான் என்பதும் தெரியவில்லை. பிள்ளையின் பாதம் குளிர்ந்திருந்தது.

குடிசைக்குள் தங்கம்மா மூலையில் இருந்த மூடையின் முன் குந்தினாள். மஞ்சள் துணியின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அம்மனிடம் ஏதாவது சொல்வாள் என்று மீனம்மா எதிர்பார்த்தாள். துணியை அவிழ்த்ததும் அதையே நனைத்துப் பிழிந்து பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள்.

பயற்றை வறுத்துத் தோல் நீக்கினார்கள். கச்சானை வறுத்து இடித்தார்கள். இன்றைக்கும் நாளைக்கும் பாதியளவுதான் என்று மிஸி சொல்லியிருந்தாள். பட்டினி கிடந்த உடம்பு எடுத்த எடுப்பில் முழுதும் தாங்காது. தேங்காயெண்ணெயும் சீனியும் கட்டாயம் சேர்க்கவேண்டும். அவை விறகு. விறகு இல்லாவிட்டால் உடம்பு புரதத்தையே அடுப்பில் போட்டு எரித்துவிடும். சுவர் கட்ட ஒன்றும் மிஞ்சாது. பிள்ளையைப் போர்த்து வைக்கவேண்டும். இரவிலும் எழுப்பி ஊட்டவேண்டும்.

முதல் கரண்டியைப் பிள்ளை வழியவிட்டாள். இரண்டாவதையும். தங்கம்மா கரண்டியை வாங்கி, நுனியில் ஒரு துளி எடுத்துக் கன்னத்தின் உட்பக்கம் தடவினாள். காத்திருந்தாள். இன்னொரு துளி. பதினொன்றாவது துளியில் பிள்ளையின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"முழுங்கிட்டா" என்றாள் மீனம்மா.

மறந்துவிடாமலிருக்க மண்சுவரில் எழுதி வைக்கவேண்டும். எழுத்துத் தெரியாததால் தங்கம்மா அடுப்புக்கரியால் வரைந்தாள். மூன்று நெருப்புப்பெட்டி, பக்கத்தில் பயற்றுக்காக மூன்று பொட்டு. தள்ளி ஒரு பெட்டி, கச்சானுக்கு. கீழே இரண்டு பெட்டி, அரிசிமாவுக்கு. ஒரு நாளில் ஊட்டும் ஆறு நேரத்துக்கு ஆறு கோடு. பிறகு கரியைப் பிடித்தபடி நின்றாள். கோழிக்கூட்டுப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அவள் வலது உள்ளங்கையில் ஒரு முட்டை இருந்தது. அதை மீனம்மாவிடம் கொடுக்கவில்லை. தானே அடுப்பில் வைத்துவிட்டுச் சுவருக்கு வந்து, கோடுகளின் முடிவில் ஒரு வட்டம் போட்டாள்.

இரண்டு நாள் பாதியளவு. அதன்பிறகு நாளொன்றுக்கு மூன்று பெட்டி பயறு, ஒரு பெட்டி கச்சான், இரண்டு பெட்டி அரிசிமா, ஒரு முட்டை. எண்ணெயும் சீனியும் சேர்த்து, ஆறு நேரமாகப் பிரித்து. எட்டுக் கிலோப் பிள்ளைக்கு இருபத்துநாலு கிராம்.